தங்க மீன்களின் வெண்புள்ளி நோய்: தடுப்பும் சிகிச்சையும்

கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படும் அலங்கார மீன்களுள் தங்க மீன் மிகவும் பழமையானது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சீன நாட்டில் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சாதாரண மீனிலிருந்து தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இம்மீன், இன்று உலகெங்கும் பரவியுள்ளது. நம் நாட்டில் கொல்கத்தா, ஹவுரா ஆகிய நகரங்களைச் சுற்றியுள்ள ஊர்களிலும், சென்னையை அடுத்த கொளத்தூர் வட்டாரத்திலும் தங்க மீன் உற்பத்தி ஒரு குடிசைத் தொழிலாகவே வளர்ந்துள்ளது. வீட்டின் கொல்லையில் இரண்டு மூன்று சிமெண்டுத் தொட்டிகளைக் கட்டி, முட்டையிடச் செய்து, குஞ்சுகளை மூன்று நான்கு மாதங்கள் பேணி வளர்த்து விற்கும் குடும்பங்கள் பல. இவர்களுள் பெண்களின் பங்கு கணிசமானது.

இத்தொழிலில் இறங்குவோருக்கு ஏற்படும் இழப்புகளுள் பெரும்பகுதி நோயினால் வருவது. அவற்றுள்ளும் வெண்புள்ளி நோய் என்னும் ஒட்டுண்ணி நோய் மிகவும் பரவலானது. நான்கு மாத உழைப்பையும் தீவனச் செலவையும் ஒரே வாரத்தில் அழித்துவிடும் ஆற்றல் இதற்கு உண்டு. நோய் முற்றிவிட்டால் தொட்டியில் ஒரு மீன்கூட எஞ்சாமல் போவதும் உண்டு. ஆயினும் இது தீர்க்க முடியாத நோயன்று. இதற்கான மருந்துகள் எளியவை. அவற்றுள் முதன்மையானது ஏழைக் குடும்பத்தின் அடுப்படியிலும் இருக்கும் உப்பே. மருந்து இருந்தும் மீன்கள் மடிவதற்குக் காரணம், மருந்தை எப்போது இட வேண்டும், எத்தனை நாள் இட வேண்டும் என்பது தெரியாமையே. இதனை விளங்கிக்கொள்ள, ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியை முதலில் அறிதல் வேண்டும்.

நோய்க்குக் காரணம் யாது?

வெண்புள்ளி நோயைத் தோற்றுவிப்பது இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்னும் ஓரணு உயிரியாகும். 1876ஆம் ஆண்டில் ஃபூக்கே என்பார் இதற்கு இப்பெயரை இட்டார். 'பல மக்களைப் பெற்ற மீன்பேன்' என்பது இப்பெயரின் பொருள். இது உண்மையில் பேன் அன்று. உடல் முழுவதும் நுண்ணிய மயிரிழைகளைக் கொண்ட குற்றிழை உயிரி. ஆனால் 'பல மக்களைப் பெற்றது' என்னும் அடைமொழி மிகவும் பொருத்தமானது என்பதைக் கீழே காணலாம்.

இவ்வொட்டுண்ணி தங்க மீனை மட்டும் தாக்குவதில்லை. கெண்டை, கெளுத்தி முதலிய நன்னீர் மீன்கள் ஏறக்குறைய அனைத்துமே இதற்கு இரையாகக்கூடியவை. எனவே அலங்காரத் தொட்டியில் தோன்றும் நோய் உணவு மீன் வளர்ப்புக் குளங்களுக்கும் பரவ வழியுண்டு. மீன்வளத் துறை அலுவலர்கள் இந்நோயில் கருத்துச் செலுத்த வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மூன்று நிலைகள்

இவ்வுயிரியின் வாழ்க்கை மூன்று நிலைகளைக் கொண்டது. முதலாவது, உண்ணும் நிலை. இந்நிலையில் ஒட்டுண்ணி மீனின் மேல்தோலுக்கு அடியிலோ, செவுளின் மெல்லிய திசுவினுள்ளோ தங்கி, திசுக்களை உண்டு வளர்கிறது. அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை வளர்ந்ததும் அது உப்புத்தூள் போன்ற வெண்புள்ளியாகக் கண்ணுக்குத் தெரிகிறது. மீனின் தோலும் சளிப் படலமும் இதற்குக் கூரையாக அமைந்துவிடுவதால், தொட்டி நீரில் இடப்படும் மருந்து இதனை எட்டுவதில்லை.

இரண்டாவது, பெருகும் நிலை. முழு வளர்ச்சி அடைந்த ஒட்டுண்ணி மீனின் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது. சிறிது நேரம் நீந்திய பின், தொட்டியின் அடித்தளத்திலோ, கூழாங்கற்களிலோ, நீர்த்தாவரங்களிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிப் பசை போன்ற உறையொன்றை அமைத்துக்கொள்கிறது. அவ்வுறைக்குள் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக மீண்டும் மீண்டும் பிளவுபட்டு, சில நூறு முதல் ஆயிரம் வரையிலான சேய் உயிரிகளாகப் பெருகுகிறது. இவ்வுறையும் மருந்தைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது.

மூன்றாவது, தேடும் நிலை. உறையை உடைத்துக்கொண்டு வெளிவரும் சேய் உயிரிகள் நீரில் விரைந்து நீந்தி, மீனைத் தேடி அலைகின்றன. இவை கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குச் சிறியவை. ஓரிரு நாட்களுக்குள் மீன் கிடைக்காவிடில் இவை மடிந்துவிடுகின்றன. மீன் கிடைத்தால் தோலைத் துளைத்து உட்புகுந்து, மீண்டும் உண்ணும் நிலையைத் தொடங்குகின்றன.

இம்மூன்று நிலைகளுள் மருந்துக்கு எளிதில் கட்டுப்படுவது தேடும் நிலை ஒன்றே. சிகிச்சையின் அடிப்படை உண்மை இதுதான். கண்ணுக்குத் தெரியும் வெண்புள்ளியை மருந்து கொல்வதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் நீந்தும் சேய் உயிரிகளையே அது கொல்கிறது. மருந்திட்ட மறுநாளும் புள்ளிகள் மறையவில்லை என்று கண்டு, அளவை இரு மடங்காக்குவோர் ஒட்டுண்ணியை விட்டுவிட்டு மீனையே கொன்றுவிடுகின்றனர். புள்ளிகள் உதிர்ந்ததும் நோய் தீர்ந்தது என்று மருந்தை நிறுத்துவோரும் ஏமாறுகின்றனர். புள்ளி உதிர்ந்தது என்றால், ஒட்டுண்ணி மீனை விட்டு அடித்தளத்திற்குச் சென்று பெருகிக்கொண்டிருக்கிறது என்பதே பொருள். ஓர் ஒட்டுண்ணி ஐந்நூறு சேய்களை ஈனுவதாகக் கொண்டால், அவை அனைத்தும் பிழைத்தால் அடுத்த சுற்றில் இரண்டரை லட்சம் ஆகும். முதல் சுற்றில் ஐந்தாறு புள்ளிகளோடு இருந்த மீன், இரண்டாம் சுற்றில் உடலெங்கும் வெண்மையாகி மடிவது இதனால்தான்.

வெப்பநிலையின் பங்கு

இச்சுற்று முடிய ஆகும் காலத்தை நிர்ணயிப்பது நீரின் வெப்பநிலையாகும். 25 டிகிரி சென்டிகிரேடு அளவில் ஒரு சுற்று நான்கு முதல் ஆறு நாட்களில் முடிந்துவிடுகிறது. 15 டிகிரி அளவில் இரு வாரங்கள் வரை ஆகலாம். 7 டிகிரிக்குக் கீழே ஐந்து வாரங்களுக்கும் மேல் நீடிக்கும். 30 டிகிரியை எட்டும்போது ஒட்டுண்ணியின் பெருக்கம் தடைப்படுகிறது.

சமவெளிகளில் கோடையைவிடக் குளிர்காலத்திலும், குளிர் நீங்கி வெயில் ஏறத் தொடங்கும் நாட்களிலும் இந்நோய் மிகுதியாகத் தோன்றுவதன் காரணம் இதனால் விளங்கும். கொல்கத்தாவில் சனவரி மாத இரவுகளில் வெப்பநிலை 14 டிகிரியை ஒட்டி இறங்கிப் பகலில் 25 டிகிரி வரை ஏறுகிறது. ஆழமற்ற சிறு தொட்டிகளில் இந்த ஏற்ற இறக்கம் மீன்களின் எதிர்ப்பாற்றலைக் குன்றச் செய்கிறது. ஒட்டுண்ணிக்கோ அது உகந்த சூழலாக அமைகிறது.

அறிகுறிகள்

நோயுற்ற மீன்கள் முதலில் உடலைக் கற்களிலும் தொட்டிச் சுவரிலும் உரசிக்கொள்ளும். துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கிக்கொண்டு ஒரு மூலையில் நிற்கும். தீவனத்தை ஏற்பது குறையும். பின்னர் வாலிலும் துடுப்புகளிலும், அதன்பின் உடலிலும் வெண்புள்ளிகள் தோன்றும். ஒட்டுண்ணி செவுளைத் தாக்கியிருந்தால், உடலில் புள்ளி ஏதும் தோன்றாமலேயே மீன் நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூச்சுத் திணறி மடிவதும் உண்டு.

வெண்மையாகத் தெரிவன யாவும் இந்நோயன்று என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்க மீன்களின் செவுள் மூடியிலும், மார்புத் துடுப்பின் முன் விளிம்பிலும் சிறு வெண்முகிழ்கள் வரிசையாகத் தோன்றும். இவை ஆண் மீனை அடையாளம் காட்டும் இயற்கையான அடையாளங்கள். இவற்றை நோயெனக் கருதி, முட்டையிடும் தறுவாயில் உள்ள இணை மீன்களுக்கு மருந்திட்டுப் பருவத்தை இழப்போர் உண்டு. முகிழ்கள் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் தோன்றும். மீனும் சுறுசுறுப்பாக இருக்கும். வெண்புள்ளி நோயோ உடலெங்கும் ஒழுங்கின்றிப் பரவும்.

அதுபோன்றே மீன் பேன், நங்கூரப் புழு, செவுள் புழு ஆகிய பிற ஒட்டுண்ணிகளும் தங்க மீனை உரசிக்கொள்ளச் செய்யும். மீன் பேன் தட்டையாக, நகரும் செதில் போலக் காணப்படும். நங்கூரப் புழு நூல் போல உடலிலிருந்து தொங்கும். இவற்றுக்குரிய சிகிச்சை வேறு. ஐயம் இருப்பின், மீனின் தோலிலிருந்து சிறிது சளியை மெல்ல வழித்தெடுத்து நுண்ணோக்கியில் காண வேண்டும். குதிரை லாட வடிவமுள்ள உட்கருவோடு மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும் உருண்டையான உயிரி தென்பட்டால் அது வெண்புள்ளி நோயே. குறைந்த உருப்பெருக்கம் கொண்ட எளிய நுண்ணோக்கியே இதற்குப் போதுமானது.

சிகிச்சை முறைகள்

நோய் உறுதியானதும் முதலில் செய்ய வேண்டியது, தொட்டியின் அடித்தளத்தைக் குழாய் மூலம் உறிஞ்சித் தூய்மை செய்வதாகும். கழிவுகளோடு உறையிட்ட ஒட்டுண்ணிகளும் ஒரு பகுதி வெளியேறிவிடும். நீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றி, காற்றூட்டியை நன்கு இயக்க வேண்டும். சிகிச்சைக் காலத்தில் தீவனத்தைக் குறைத்தல் நன்று. உண்ணாமல் எஞ்சும் தீவனம் அழுகி அம்மோனியாவைப் பெருக்கும்.

உப்பு: தங்க மீன் உப்பை நன்கு தாங்கக்கூடியது. லிட்டருக்கு 3 கிராம் வீதம் கல்லுப்பு இடலாம். 100 லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு இது 300 கிராம் ஆகும். 3 மீட்டர் நீளமும், 2 மீட்டர் அகலமும், 60 சென்டிமீட்டர் நீர் ஆழமும் உள்ள சிமெண்டுத் தொட்டியில் 3,600 லிட்டர் நீர் இருக்கும். அதற்கு 10 கிலோ 800 கிராம் உப்புத் தேவை. இதனை ஒரே முறையில் கொட்டிவிடாமல், தனிப் பாத்திரத்தில் கரைத்து, மூன்று பங்காக ஒன்றரை நாளில் சேர்க்க வேண்டும். நீர் ஆவியாவதால் உப்புக் குறைவதில்லை. எனவே ஆவியான நீரை ஈடு செய்யும்போது உப்புச் சேர்க்கலாகாது. வெளியேற்றி மாற்றிய நீருக்கு மட்டுமே கணக்கிட்டு உப்பு இட வேண்டும். தொட்டியில் நீர்த்தாவரங்கள் இருப்பின் முன்னதாகவே அகற்றிவிடுதல் நன்று. அவை உப்பைத் தாங்குவதில்லை. அகற்றிய தாவரங்களிலும் உறைகள் ஒட்டியிருக்கலாமாகையால், அவற்றை மீன் உள்ள வேறு தொட்டியில் இடக்கூடாது.

வெப்பம்: கண்ணாடித் தொட்டிகளில் மின் வெப்பமூட்டியின் உதவியால் நீரின் வெப்பநிலையைச் சிறுகச் சிறுக, மணிக்கு ஒரு டிகிரிக்கு மிகாமல், 30 டிகிரி வரை உயர்த்திப் பத்து நாட்கள் நிலைநிறுத்தலாம். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 டிகிரியிலோ 7.5 மில்லிகிராம் அளவே ஏற்கும். செவுள் புண்பட்ட மீனுக்கு இக்குறைவே உயிருக்கு ஆபத்தாகலாம். எனவே காற்றூட்டும் வசதி இல்லாத இடங்களில் இம்முறையைக் கையாளக் கூடாது.

ஃபார்மலின்: உப்பினால் கட்டுப்படாத நிலையில் ஃபார்மலின் பயன்படுத்தப்படுகிறது. பத்து லட்சம் பங்கு நீருக்கு 25 பங்கு, அதாவது 100 லிட்டருக்கு 2.5 மில்லிலிட்டர் என்பது வழக்கமான அளவு. 25 டிகிரி வெப்பநிலையில் ஒரு நாள் விட்டு ஒரு நாளும், 20 டிகிரிக்குக் கீழே மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறையும், ஒவ்வொரு முறையும் நீரில் பாதியை மாற்றிய பின்னரே இட வேண்டும். ஃபார்மலின் நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைக்கும். அடியில் வெண்மையான படிவு தோன்றிய புட்டியைப் பயன்படுத்தவே கூடாது. அப்படிவு மீன்களுக்குக் கொடிய நஞ்சு. ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடு மனிதரிடம் புற்றுநோயைத் தோற்றுவிக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. ஆதலின் கையுறையின்றியும், காற்றோட்டமற்ற அறையிலும், குழந்தைகள் நடமாடும் இடத்திலும் அதனைக் கையாளுதல் தவறு. கொல்லைப்புற வளர்ப்பில் உப்பையே முதலில் நாட வேண்டும் என்பதற்கு இதுவே போதிய காரணமாகும்.

மாலகைட் கிரீன் என்னும் சாயம் இந்நோய்க்கு நீண்ட காலமாகப் பயன்பட்டு வந்தது. அது ஒட்டுண்ணியை நன்கு கொல்லும் என்பது உண்மையே. ஆனால் அதன் எச்சம் மீனின் தசையில் தங்குவதால், உணவு மீன்களில் அதனைப் பயன்படுத்துவதைப் பல நாடுகள் தடை செய்துள்ளன. அலங்கார மீனும் உணவு மீனும் அடுத்தடுத்து வளர்க்கப்படும் இடங்களில் அச்சாயத்தைத் தவிர்ப்பதே முறை.

மருந்தில்லா முறை: ஒன்றுக்கு மேற்பட்ட தொட்டிகள் உள்ளவர்கள் மருந்தின்றியும் நோயை வெல்லலாம். 25 டிகிரி வெப்பநிலையில் மீன்களை நாள்தோறும் ஒரு தூய தொட்டிக்கு மாற்றி, பழைய தொட்டியைக் கழுவி வெயிலில் முற்றிலும் உலர்த்த வேண்டும். மீனை விட்டு இறங்கிய ஒட்டுண்ணிகள் சேய்களை வெளியிடும் முன்னரே பின்தங்கி, உலர்ந்து மடிந்துவிடும். ஏழு நாட்கள் இவ்வாறு மாற்றினால் மீன்கள் பெரும்பாலும் நோயினின்று விடுபடும். சிறு எண்ணிக்கையில் விலையுயர்ந்த இணை மீன்களை வைத்திருப்போருக்கு இம்முறை ஏற்றது.

எம்முறையைக் கையாண்டாலும், கடைசிப் புள்ளி மறைந்த நாளோடு நிறுத்திவிடலாகாது. அந்நாளுக்குப் பின்னும், அப்போதைய வெப்பநிலையில் ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் காலம் வரை சிகிச்சையைத் தொடர வேண்டும். இதற்கு வேண்டிய முதற் கருவி வெப்பமானி. வெப்பமானி இல்லாமல் இந்நோய்க்குச் சிகிச்சை செய்வது, கடிகாரமின்றி இரயிலுக்குப் புறப்படுவதை ஒக்கும்.

வருமுன் காத்தல்

இவ்வொட்டுண்ணி நீரில் தானாகத் தோன்றுவதில்லை. புதிய மீன், ஈரமான வலை, வேற்றுத் தொட்டியின் நீர், நீர்த்தாவரம், மீன்கள் உள்ள குளங்களிலிருந்து திரட்டப்பட்ட உயிர்த்தீவனம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் வழியாகவே அது வந்து சேர்கிறது. எனவே சந்தையில் வாங்கிய மீன்களை நேரே பழைய மீன்களோடு சேர்க்காமல், குறைந்தது மூன்று வாரங்கள், குளிர்காலத்தில் நான்கு வாரங்கள், தனித் தொட்டியில் வைத்துக் கண்காணித்தல் வேண்டும். அத்தொட்டிக்கெனத் தனி வலையும் தனி வாளியும் இருத்தல் அவசியம். மீன் வந்த பாலிதீன் பையைத் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்திய பின், மீனை மட்டும் எடுத்து விட வேண்டும். பை நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

நோயிலிருந்து மீண்ட மீன்களுக்குச் சில காலம் எதிர்ப்பாற்றல் அமைகிறது. ஆயினும் அவற்றுட் சில, புள்ளி ஏதும் காட்டாமலேயே ஓரிரு ஒட்டுண்ணிகளைச் சுமந்திருக்கக்கூடும். சிகிச்சை முடிந்த மறுநாளே அவற்றை விற்பது, நோயை விற்பதாகவே முடியும். வாங்கியவரின் தொட்டி அழிந்தால், விற்றவரின் பெயரும் சந்தையில் அழியும். இரு வாரங்கள் பொறுத்து விற்பதே நேர்மையும் ஆதாயமும் ஆகும். நோயுற்ற மீன்களைக் குளத்திலோ, ஏரியிலோ, கால்வாயிலோ விடுவது பெருந்தவறு. மருந்து கலந்த நீரையும் பொது நீர்நிலையில் கொட்டுதல் கூடாது.

நிறுவனங்களின் பொறுப்பு

அலங்கார மீன் வளர்ப்புக்கு அரசின் ஆதரவு பெருகி வந்துள்ளது. 2020ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம், கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்பு அலகு ஒன்றுக்கு 3 லட்சம் ரூபாய் திட்டச் செலவாக நிர்ணயித்து, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் 60 சதவீதமும் மானியம் வழங்க வகை செய்தது. புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் அலங்கார மீன் வளர்ப்பில் பயிற்சி அளித்து வருகிறது. நீர்வாழ் உயிரினங்களின் நோய்களைக் கண்காணிப்பதற்கென 2013ஆம் ஆண்டில் தேசிய அளவிலான திட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது.

எனினும், மானியத்தால் எழும்பும் தொட்டி நோயினால் வெறுமையாகிவிடின் கடன் சுமை ஒன்றே மிஞ்சும். ஓர் அலகுக்கான மதிப்பீட்டைத் தயாரிக்கும் அலுவலர், வளர்ப்புத் தொட்டிகளோடு ஒரு தனிமைப்படுத்தும் தொட்டியையும் வெப்பமானியையும் எடைக்கருவியையும் சேர்த்தே கணக்கிடுதல் நலம். இவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு முறை நோய் பரவினால் நேரும் இழப்பை நோக்க மிகச் சிறிது. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ஊருக்கொரு நுண்ணோக்கி பொதுவில் கிடைக்கச் செய்தால், நோயை முதற் சுற்றிலேயே கண்டுகொள்ள இயலும். பயிற்சியிலும் மருந்துகளின் பெயர்ப் பட்டியலைவிட, ஒட்டுண்ணியின் மூன்று நிலைகளையும் தொட்டி நீரின் கொள்ளளவைக் கணக்கிடும் முறையையும் கற்பித்தலே பெரும் பயன் தரும்.

வெண்புள்ளி நோய் எளிய மருந்துக்குக் கட்டுப்படுவது. ஆனால் அவசரத்திற்குக் கட்டுப்படாதது. நீரின் வெப்பநிலையை அளந்து, நாளை எண்ணி, அளவறிந்து உப்பிட்டுப் பொறுமையோடு ஒரு சுற்றுக்கு மேல் காத்திருப்பவரின் தொட்டியில் தங்க மீன்கள் பிழைத்துக்கொள்ளும். புதிய மீனை முதலில் தனியே வைக்கும் வழக்கத்தை மேற்கொள்பவருக்கு அந்த உப்புக்கும் பெரும்பாலும் தேவை இராது.